மூன்று சுவர் தாண்டி மணி அடித்த ஜெகதீஷ் சந்திர போஸ்: உங்க வீட்டு வயர்லெஸ் அலாரத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளுக்குள் போயிருக்கீங்களா? வாசல்ல திண்ணை. அப்புறம் ரேழி, கூடம், ரெண்டாங்கட்டு, சமையலறை, கடைசியா கொல்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடிமனான சுவர்கள்.

பிள்ளைங்க பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெரியவங்க மட்டும் இருக்கும் இப்படிப்பட்ட வீட்டில் வயர்லெஸ் அலாரம் வைக்கிறாங்கனு வைத்துக்கொள்வோம். கொல்லைக் கதவில் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். முன் கூடத்தில் ரிசீவர், கூடவே சைரன். ராத்திரி யாராவது கொல்லைக் கதவைத் திறந்தால், அந்தத் தகவல் மூணு நாலு சுவரைத் தாண்டி வந்து முன்னால் மணி அடிக்கணும்.

இதே காட்சி, 1895-ல் கொல்கத்தாவில் ஒரு மேடையில் நடந்தது. டிரான்ஸ்மிட்டர் ஒரு அறையில். ரிசீவர் இன்னொரு அறையில். இடையில் மூன்று சுவர்கள், சுமார் 75 அடி தூரம். கம்பி எதுவும் கிடையாது. ஆனாலும் மணி அடித்தது.

அதை அடிக்க வைத்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உயிர் உண்டுனு சொன்னவர் என்று பள்ளிப் புத்தகத்தில் நாம படித்த அதே போஸ்தான். யார் இவர், எப்படி இதைச் செய்தார், அதிலிருந்து இன்று அலாரம் பொருத்துபவர்கள் என்ன கத்துக்கலாம்? வாங்க பார்க்கலாம்.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சில்...

1858 நவம்பர் 30-ம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ், பிரிட்டிஷ் அரசில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதுதான் வழக்கம். ஆனால் இவர் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். வீட்டு ஊழியரின் மகனும், மீனவரின் மகனும்தான் சிறுவன் போஸின் வகுப்புத் தோழர்கள். அவர்கள் சொன்ன மீன், பறவை, விலங்குக் கதைகளில்தான் இயற்கை மீதான ஆர்வம் தொடங்கியது என்று பின்னாளில் போஸே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு கொல்கத்தாவில் ஹேர் பள்ளி, செயின்ட் சேவியர் பள்ளி, கல்லூரி. அங்கே ஃபாதர் லாஃபோன் என்ற பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் இயற்பியலைச் செய்முறையோடு சொல்லிக்கொடுப்பார். அதில் விழுந்தவர்தான் போஸ்.

1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடாமல் படுத்தியது. பிண அறுவை அறையின் வாடை அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்கு மாறினார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு.

மூணு வருஷம் சம்பளம் தொடாதவர்

1885-ல் ஊர் திரும்பி, கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே ஒரு சிக்கல். ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதிதான் தருவோம் என்றார்கள். அதாவது வெள்ளைக்காரர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விடவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் போய் வகுப்பு எடுத்தார். சம்பளத்தை மட்டும் வாங்கவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம்!

குடும்பத்தில் அப்போ பணம் கொட்டிக் கிடந்ததா என்றால், அதுவும் இல்லை. ஊர் மக்களுக்கு உதவும் என்று அப்பா தொடங்கிய தொழில்கள் நஷ்டமாகி, கடன் சுமை இருந்த நேரம் அது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. வேலையை நிரந்தரமாக்கி, மூன்று வருஷ முழுச் சம்பளத்தையும் மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

இந்தக் கஷ்ட காலத்துக்கு நடுவே 1887-ல் அபலா தாஸுடன் திருமணம். அபலாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. அன்று கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் 1882-ல் வங்காள அரசின் உதவித்தொகையோடு சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பினார். பின்னாளில் வங்காளத்தில் பெண் கல்விக்காக உழைத்த முக்கியமானவர்களில் ஒருவரானார்.

24 சதுர அடியில் ஒரு ஆய்வகம்

1887, 88-ல் ஜெர்மனியின் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் இருப்பதை நிரூபித்தார். ரேடியோ, செல்போன், வைஃபை, வீட்டு அலாரம் எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான். 1894-ல் ஹெர்ட்ஸ் இறந்த பிறகு, அவர் வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்தார் போஸ். அதே வருஷம், தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று முடிவெடுத்தார்.

ஆய்வகம்? கல்லூரியில் குளியலறையை ஒட்டி இருந்த சுமார் 24 சதுர அடி இடம். ஒரு கட்டில்கூடப் போட முடியாத அளவு. கருவி செய்ய ஆள்? ஒரு தகர வேலைக்காரர். போஸ் சொல்லிக்கொடுக்க, அவர் செய்வார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் வைத்து, அதையே அலையை வடிகட்டும் கருவியாக்கினார். முறுக்கிய சணல் நாரைக்கூட சோதனைக்குப் பயன்படுத்தினார்.

இந்த இடத்திலிருந்துதான் 5 மில்லிமீட்டர் நீள அலைகள் வரை உருவாக்கினார். இன்றைய கணக்கில் அது சுமார் 60 கிகாஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் வேலை செய்த அலைகள் இதைவிடப் பல மடங்கு நீளமானவை.

மணி அடித்த நாள்

1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டினார். தலைமை வகித்தவர் வங்காளத்தின் துணைநிலை ஆளுநர். ஒரு அறையில் மின்பொறியை உண்டாக்கும் டிரான்ஸ்மிட்டர். அலை கிளம்பி, சுவர்களையும், வழியில் உட்கார்ந்திருந்த ஆளுநரையும் தாண்டி, 75 அடிக்கு அப்பால் இருந்த ரிசீவருக்குப் போனது.

75 அடி என்றால் எவ்வளவு? ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

ரிசீவர் அலையை வாங்கியதும் ஒரு மின்சுற்று இணைந்தது. மணி அடித்தது. ஒரு கைத்துப்பாக்கி வெடித்தது. கொஞ்சம் வெடிமருந்தும் வெடித்தது. கவனிங்க, அலை வந்து மணியை நேரா அடிக்கவில்லை. மணி அடிக்கிற சக்தி ரிசீவர் பக்கம் இருந்த பேட்டரியில்தான் இருந்தது. அலை செய்தது ஸ்விட்ச் போடும் வேலை மட்டும்.

இன்றைய வீட்டு அலாரமும் அப்படியே. கதவு சென்சாருக்குள் ஒரு ஸ்விட்ச், அதை ஒட்டி கதவில் ஒரு காந்தம். கதவு திறந்தால் காந்தம் விலகும், ஸ்விட்ச் மாறும், சென்சார் தன் அடையாள எண்ணை அலையாக அனுப்பும். ரிசீவர் அந்த எண் நம்ம வீட்டு சென்சாருடையதா என்று பார்த்துவிட்டு சைரனைப் போடும். சைரன் அலறுவது ரிசீவர் பக்கத்து மின்சாரத்தில்தான்.

கஷ்டமே ரிசீவரில்தான்

அலையை அனுப்புவது அந்தக் காலத்திலேயே ஓரளவு தெரிந்த விஷயம். பெரிய பொறி ஒன்று உண்டாக்கினால் போதும். அதை வாங்குவதுதான் கஷ்டம். காரணம், தூரம் போகப் போக அலை பலவீனமாகும். சுவர் வேற கொஞ்சம் தின்றுவிடும்.

அன்று இருந்த ரிசீவர், கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் தூள். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். ஆனால் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும். குழாயைத் தட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். கொல்கத்தாவின் ஈரக் காற்றில் இன்னும் தொல்லை.

போஸ் தூளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் சின்ன எஃகு ஸ்பிரிங்குகளை வைத்தார். அழுத்தத்தைத் திருகி சரிசெய்யலாம். 1899-ல் இரும்பும் பாதரசமும் தொட்டு நிற்கும் ஒரு ரிசீவரைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தட்டாமலே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த அலைக்குத் தயாராகும் ரிசீவர் அது. அடுத்து, கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை ரிசீவராக்கினார். டிரான்சிஸ்டர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, குறைக்கடத்தியை வைத்து அலை பிடித்தவர் இவர்.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் வாங்கினார். அப்போ பாதரச ரிசீவர் ஒன்றைப் பயன்படுத்தினார். அது இத்தாலியக் கடற்படைக்காரர் ஒருவர் கொடுத்தது. அதன் மூலம் போஸின் 1899 கட்டுரைதான் என்று 1990-களில் ஆய்வாளர்கள் ஆதாரங்களோடு வாதிட்டார்கள். 1909-ல் இயற்பியல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் ஜெர்மனியின் பிரவுனுக்கும் போனது.

காப்புரிமை படிவத்தை மறுத்தவர்

போஸ் ஏமாந்துவிட்டார் என்று மட்டும் சொல்லி முடிப்பது சரியா இருக்காது. அவருக்கு வாய்ப்பு வந்தது. 1901-ல் லண்டனில், தந்தி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் அவரைத் தேடி வந்தார். கண்டுபிடிப்பை வெளியே சொல்ல வேண்டாம், காப்புரிமை எடுப்போம், லாபத்தில் பங்கு என்றார். போஸ் மறுத்துவிட்டு, நடந்ததைத் தன் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதமாக எழுதினார். பண ஆசையில் ஒரு முறை மாட்டினால் வெளியே வர முடியாது என்பது அவர் பயம்.

பிறகும் நண்பர்கள் விடவில்லை. சாரா புல் என்ற அமெரிக்கத் தோழியும், நம்ம பாரதியார் குருவாக ஏற்ற சகோதரி நிவேதிதாவும் வற்புறுத்தி, கலீனா ரிசீவருக்கு அமெரிக்காவில் விண்ணப்பிக்க வைத்தார்கள். 1904-ல் காப்புரிமை கிடைத்தது. போஸ் அதை வைத்து ஒரு காசு சம்பாதிக்க முயலவில்லை. காலாவதி ஆகட்டும் என்று விட்டுவிட்டார்.

இது பெருந்தன்மையா, கைநழுவ விட்ட வாய்ப்பா என்று இன்றும் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அறிவை அடைத்து வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் இந்தியாவில் வயர்லெஸ் கருவி செய்யும் ஒரு தொழில் அன்றைக்கே அவர் கையால் தொடங்கியிருக்கலாம் என்ற ஏக்கமும் பொய்யில்லை.

களைத்துப்போன ரிசீவர் காட்டிய வழி

போஸ் ஏன் அலையை விட்டுச் செடிக்குப் போனார்? காரணம் மறுபடியும் ரிசீவர்தான்.

ரிசீவரைத் தொடர்ந்து வேலை வாங்கினால் அதன் உணர்திறன் குறைவதைக் கவனித்தார். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரும்ப வந்தது. நம்ம தசை களைத்து, ஓய்வெடுத்து மீள்வது போல. உயிரில்லாத உலோகமே இப்படி என்றால், செடி எப்படி என்ற கேள்வி வந்தது. அதன் பிறகு தொட்டாற்சிணுங்கி முதல் பல செடிகளில் மின் சைகைகளை அளந்தார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். செடிகளைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சைகைகள் ஓடுகின்றன என்பது உறுதியாகிவிட்டது.

1917 நவம்பர் 30, தன் பிறந்தநாளில், கொல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ம் தேதி, 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிரிதியில் காலமானார்.

திருச்சிக்கு வந்த அலை

போஸ் மணி அடித்துக் காட்டிய 1895-ல், ஸ்ரீரங்கம் தீவிலேயே இருக்கும் திருவானைக்காவலில் பிறந்த ஒரு பையனுக்கு வயசு ஆறோ ஏழோ. 1907-ல் அரசு வேலைக்காக அவரும் கொல்கத்தா போனார். அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். அவர்தான் 1930-ல் நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமன்.

போஸ் மறைந்து ஒன்றரை வருஷத்தில், 1939 மே 16-ம் தேதி, திருச்சியில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகளுக்குள் முதன்முதலில் வந்த வயர்லெஸ் ரிசீவர், ரேடியோ பெட்டிதான். இன்று அதே வீடுகளில் அலாரம் ரிசீவர் வருகிறது.

உங்க வீட்டில் பொருத்தும்போது...

போஸ் அனுபவத்தில் படித்ததை இன்று அலாரம் வைக்கும்போது அப்படியே பயன்படுத்தலாம். விளம்பரத்தில் சொல்லும் தூரம், எந்தத் தடையும் இல்லாத திறந்தவெளிக்கானது. வீட்டுக்குள் அது வெகுவாகக் குறையும்.

1. ரிசீவர் இடம்: டிவி பக்கத்தில் பிளக் இருக்குனு அங்கேயே வைக்காதீங்க. வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேலே வைப்பது நல்லது. நீளமான வீடு என்றால் கூடத்தைவிட ரெண்டாங்கட்டு சரியான இடமாக இருக்கலாம்.

2. உலோகம் எதிரி: இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், இரும்புக் கதவு, கம்பி போட்ட கான்கிரீட் சுவர் எல்லாம் அலையைத் தடுக்கும். தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். வைஃபை ரூட்டர், மீட்டர் போர்டு ஆகியவற்றிலிருந்தும் சில அடி தள்ளி வையுங்க.

3. எந்த அலை?: நம்ம நாட்டில் தனி உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் பயன்படுத்த 433 மெகாஹெர்ட்ஸ், 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகள் இருக்கு. 433-ல் அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். 2.4-ல் சுமார் 12.5 சென்டிமீட்டர். பொதுவாக நீளமான அலைதான் சுவரைச் சுலபமாகத் தாண்டும். தடிமனான பழைய சுவர் உள்ள வீட்டுக்கு இதைக் கேட்டு வாங்குங்க. வெளிநாட்டிலிருந்து பிள்ளைங்க வாங்கி அனுப்பும் செட் வேற அலைவரிசையில் இருக்கலாம், பார்த்துக்கோங்க.

4. ஆணி அடிக்கும் முன் டெஸ்ட்: சென்சாரை முதலில் டேப் போட்டு ஒட்டுங்க. எல்லாக் கதவையும் மூடிட்டு, ஒவ்வொரு கதவா திறந்து பாருங்க. பத்து தடவை திறந்தால் பத்து தடவையும் ரிசீவர் சொல்லணும். ஒன்பது போதாது. பிறகு துளை போடலாம்.

5. அசைவு சென்சார்: உடல் வெப்பத்தைக் கவனிக்கும் சென்சாரை சுமார் 7 அடி உயரத்தில், மூலையில் வையுங்க. ஆள் அதை நோக்கி வருவதைவிட, அதன் குறுக்கே நடக்கும்படி இருந்தால் நல்லா பிடிக்கும். நேர் வெயில் விழும் ஜன்னல், ஏசி காற்று எதிரே வேண்டாம். கண்ணாடிக்கு அப்பால் இருப்பதை இது பார்க்காது.

6. உயிரோட இருக்கா?: பழைய உலோகத்தூள் ரிசீவரைத் தட்டித் தட்டிப் பார்த்த மாதிரி நாம பார்க்க முடியாது. அதனால் சென்சார் தானாகவே அவ்வப்போது நான் இருக்கேன் என்று ரிசீவருக்குச் சொல்லும் வசதி இருக்கானு கேளுங்க. இல்லைனா பேட்டரி தீர்ந்துபோனதே தெரியாது. ரிசீவருக்கும் சைரனுக்கும் கரண்ட் கட் ஆனால் தாங்கும் பேட்டரி அவசியம்.

7. ரிமோட் கோடு: மலிவான சில செட்களில் ரிமோட் எப்போதும் ஒரே கோடைத்தான் அனுப்பும். அதைப் பதிவு செய்து திரும்ப அனுப்பி அலாரத்தை அணைத்துவிட முடியும். ஒவ்வொரு தடவையும் கோடு மாறும் வகையைக் கேளுங்க.

இன்னொரு தகவல். அறைக்குள் ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், மூச்சு விடும் அசைவை வைத்தே கண்டுபிடிக்கும் சின்ன ரேடார் சென்சார்கள் இப்போ வீடுகளுக்கு வருகின்றன. அவற்றில் பல வேலை செய்வது 60 கிகாஹெர்ட்ஸில், அதாவது 5 மில்லிமீட்டர் அலையில். பிரசிடென்சி கல்லூரியின் அந்த 24 சதுர அடி இடத்தில் போஸ் உண்டாக்கிய அதே அலை. 2012-ல் மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ., அந்த வேலையை வரலாற்று மைல்கல்லாக அங்கீகரித்தது.

சரி, அடுத்த தடவை வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிஷம் ஒதுக்குங்க. அலாரத்தைப் போட்டுவிட்டு, ஒருத்தரை முன் கூடத்தில் நிறுத்திட்டு, கடைசிக் கட்டுக்குப் போய் கொல்லைக் கதவைத் திறந்து பாருங்க. முன்னால் சைரன் கேட்டால் நிம்மதியா கிளம்பலாம். கேட்கலைனா, முதலில் ரிசீவரை இடம் மாற்றிப் பாருங்க.